குந்தா: ஓர் ஆறும் அதன் எல்லைகளும்

உதகையிலிருந்து மஞ்சூருக்குச் செல்லும் சாலை, குந்தா பாலம் என்னுமிடத்தில் ஆற்றைக் கடக்கிறது. அருகிலேயே ஓர் அணையும் மின்சார நிலையமும் அமைந்துள்ளன. பாலத்திற்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வளைந்து ஏறும் பாதை மஞ்சூரை அடைகிறது. குந்தா தாலுகாவின் தலைமையிடம் அதுவேயாகும். ஆற்றின் பெயர் மலைக்கும், மலையின் பெயர் நாட்டிற்கும், நாட்டின் பெயர் தாலுகாவிற்கும் வழங்கிவரும் இப்பகுதியின் இயற்கை அமைப்பையும், ஆட்சி எல்லைகள் இங்கு எவ்வாறு மாறிவந்தன என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழைய எல்லைகளைப் பற்றி இன்று படிப்பதனால் பயன் என்னவென்று பஞ்சாயத்து அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஓர் உதாரணம் கூறுவோம். பாலகொலா பக்கத்தில் ஒரு விவசாயியின் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரை, ஆடி மாதத்து மழையில் சரிந்து விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை அறுந்தது, மரம் ஒன்று சாய்ந்தும் சாயாமலும் நிற்கிறது, நிலத்தின் எல்லைக்கல்லைக் காணோம். எல்லைக்கல்லுக்கு மஞ்சூர் தாலுகா அலுவலகம் செல்லவேண்டும். கிராமப் பாதைக்குப் பஞ்சாயத்தும், அதற்கு மேல் உதகையிலுள்ள பஞ்சாயத்து யூனியனும் பொறுப்பு. மரத்தை வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். சரிந்த மண் போய் விழுந்த நீர்த்தேக்கமோ மின்சார வாரியத்தைச் சேர்ந்தது. நடந்தது ஒரே சரிவு. தட்டவேண்டிய கதவுகளோ நான்கு. இக்கதவுகள் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பது தெரியாதவர் ஒரே மனுவை ஒவ்வொரு அலுவலகமாகச் சுமந்து நடந்து ஒரு மழைக்காலத்தையே வீணாக்கிவிடுவார்.

ஆற்றின் போக்கு

நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்கு மூலையில் உயர்ந்து நிற்பவை குந்தா மலைகள். தொட்டபெட்டாவிற்கு அடுத்தபடியாக உயரமான கோலாரிபெட்டா இத்தொடரிலேயே உள்ளது. அதன் உயரம் 8,600 அடிக்கு மேலாகும். முக்குருத்திச் சிகரமும் இத்தொடரைச் சேர்ந்ததே. மேற்கே மலை செங்குத்தாக இறங்கி மலையாள நாட்டின் காடுகளில் முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று முதன்முதலில் மோதுவது இச்சுவரின் மீதுதான். ஆகவே மேற்கு விளிம்பில் மழை மிக அதிகம். கிழக்கே வர வர அது குறைகிறது. ஒரே தாலுகாவிற்குள், மேற்கே ஆடியில் வெயிலே காணாத சோலைகளும், தெற்கே கெத்தைப் பக்கம் வெப்பம் மிகுந்த தாழ்வான சரிவுகளும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அவலாஞ்சி, எமரால்டு ஆகிய பள்ளத்தாக்குகளில் பிறக்கும் ஓடைகள் ஒன்றுசேர்ந்து குந்தா ஆறாகின்றன. ஆறு தென்கிழக்காக ஓடிக் குந்தா பாலத்தைத் தாண்டி, கெத்தைப் பள்ளத்தில் இறங்கி, பில்லூருக்கு அருகே பவானியில் கலக்கிறது. குந்தா மலைகளை ஏனைய பீடபூமியிலிருந்து பிரிக்கும் இயற்கை எல்லையாகவும் இவ்வாறே அமைந்துள்ளது.

பவானியின் கதை இன்னும் வியப்பானது. அதுவும் குந்தா மலைகளின் உச்சியிலேயே பிறந்து, தெற்கு நோக்கி இறங்கி, இன்றைய கேரளத்தின் அட்டப்பாடியில் புகுந்து, முக்காலி அருகே திரும்பி, மீண்டும் தமிழ்நாட்டிற்குள் வந்து மேட்டுப்பாளையத்தை அடைகிறது. பவானிசாகர் அணையில் தேங்கி, கீழ்பவானிக் கால்வாய் வழியே 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாய்வது இந்த நீரே. ஈரோட்டுப் பக்கத்து வயலில் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாயும் நீரின் ஒரு பகுதி, கொரகுந்தாவுக்கு அப்பால் யாரும் குடியிராத புல்வெளியில் பனித்துளியாகத் தொடங்கியதென்பதை அவ்வயலின் சொந்தக்காரர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்.

அவலாஞ்சி என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த பெரும் சரிவினால் அப்பெயர் ஏற்பட்டது. ஆனால் சரிந்தது பனியன்று, மண். அந்தப் பெயரை வைத்தவர்கள் தம் நாட்டு நினைவில் வைத்துவிட்டனர். எனினும் எச்சரிக்கை என்ற அளவில் அது பொருத்தமான பெயரே. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். சென்னை நகரத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்ட அளவு அது. அம்மழையில் அவலாஞ்சி, எமரால்டு வட்டாரமெங்கும் மண் சரிந்து பாதைகள் அறுந்தன.

நான்கு நாடுகள்

ஆங்கிலேயர் வருமுன்னரே நீலகிரிப் பீடபூமி நான்கு நாடுகளாகப் பிரிந்திருந்தது: தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தாநாடு. இவற்றை மக்கள் சீமை என வழங்குவர். நான்கிலும் சிறியது குந்தா. படகர்களின் அட்டிகள், தோடர்களின் மந்துகள், கோத்தர்களின் ஊரான குந்தா கோத்தகிரி, கீழ்ச் சரிவுகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகள் என இந்நாட்டில் பல மக்கள் அருகருகே வாழ்ந்துவந்தனர். கோத்தர் செய்த கலப்பைக் கொழுவும் மண்பாண்டமும், படகர் விளைத்த சாமையும் கேழ்வரகும், தோடர் தந்த நெய்யும் கைமாறிய காலம் அது. சீமையின் எல்லை கல் நட்டுக் காட்டப்பட்டதன்று. ஆறு, முகடு, சோலை ஆகியனவே எல்லைகள். வழக்குகளை அட்டியின் கவுடரும் சீமையின் பெரியோரும் கூடித் தீர்த்தனர்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து கோயம்புத்தூர் ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். அதன்பின் உதகை வளரலாயிற்று. உதகை வளர்ந்ததும் மலைக்கு யார் அதிகாரி என்ற போட்டியும் வளர்ந்தது. 1830இல் பீடபூமியின் மேற்குப் பகுதி, உதகை உட்பட, கோயம்புத்தூரினின்றும் பிரிக்கப்பட்டு மலபார் ஜில்லாவுடன் இணைக்கப்பட்டது. குந்தாவும் மலபாரின் கீழ் வந்தது.

இதைக் கேட்பவர்க்கு முதலில் விந்தையாகத் தோன்றும். ஆயினும் அக்காலத்துப் பாதைகளை நோக்கினால் காரணம் ஓரளவு விளங்கும். கடல்வழியாகக் கோழிக்கோட்டில் வந்திறங்குவோர் மலையேறுவதற்கென, கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1832இல் சிஸ்பாரா கணவாய்ப் பாதை தொடங்கப்பட்டது. குந்தா மலைகளின் முகட்டைக் கடந்து அவலாஞ்சி வழியாக உதகையை அடைந்த அப்பாதைக்குக் குந்தாப் பாதை என்றும் பெயருண்டு. மழையும் அட்டைகளும் காட்டு விலங்குகளும் நிறைந்த அவ்வழி பிற்காலத்தில் கைவிடப்பட்டது. ஆக, ஒரு பாதை எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அத்திசையிலிருந்தே ஆட்சியும் வந்தது. மலையில் வாழ்ந்த உழவரை யாரும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை.

1843இல் உதகையும் அதனைச் சுற்றிய பகுதியும் மீண்டும் கோயம்புத்தூருடன் சேர்க்கப்பட்டன. குந்தா மட்டும் மலபாரிலேயே விடப்பட்டது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டிய பின்னரே அது நீலகிரியின் மற்ற மூன்று நாடுகளோடு ஒன்று சேர்ந்தது. 1868 ஆகஸ்டில் நீலகிரி கோயம்புத்தூரினின்றும் பிரிக்கப்பட்டு, ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் என்பவர் முதல் கமிஷனராக நியமிக்கப்பட்டார். 1873இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கும், 1877இல் தென்கிழக்கு வயநாடும் சேர்ந்தன. 1882இல் கமிஷனர் பதவி கலெக்டர் பதவியாக மாறியது.

குந்தா மலபாரிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் ஜில்லா கேரளத்துடன் சேர்ந்தது. குந்தா மலபாரில் இருந்திருந்தால் அவலாஞ்சியும் எமரால்டும் பவானியின் ஊற்றுக்கண்ணும் எந்த மாநிலத்தில் என்ற வினா அன்று எழுந்திருக்கும். பவானி நீரில் யாருக்கு எவ்வளவு என்பது சிறிய சங்கதியன்று. 2007ஆம் ஆண்டின் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு கேரளத்திற்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி. நீரில் 6 டி.எம்.சி. பவானிப் படுகையைச் சேர்ந்தது. வருவாய் வசூலின் வசதிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ இழுத்த கோட்டின் மீது பிற்காலத்தில் எவ்வளவு பெரிய பாரம் ஏறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லை வகுப்பதற்கு உலகில் வேறு முறைகளும் கையாளப்பட்டுள்ளன. ருஷ்ய நாட்டில் 1775இல் காத்தரீன் அரசியார் செய்த சீர்திருத்தத்தில் தலைக்கணக்கே அளவுகோல். மூன்று முதல் நான்கு லட்சம் பேருக்கு ஒரு மாகாணம், இருபது முதல் முப்பதாயிரம் பேருக்கு ஒரு வட்டம் என்று வகுத்தனர். பரந்த சமவெளியில் இது செல்லும். பிரெஞ்சு நாட்டினர் 1790இல் தம் ஜில்லாக்களுக்குப் பெரும்பாலும் ஆறுகளின் பெயரையும் மலைகளின் பெயரையும் இட்டனர். குடியானவன் ஒருவன் ஒரு நாளைக்குள் தலைமையிடத்தை அடையக்கூடியவாறு பரப்பை அமைக்க முயன்றனர். மலைநாட்டிற்கு நமக்குப் பொருத்தமாகத் தோன்றுவது இரண்டாவதே. கிண்ணக்கொரையிலிருந்து வரும் ஒருவர் பட்டா மாற்றத்திற்கு உதகை வரை செல்லாமல் மஞ்சூரிலேயே காரியத்தை முடித்துத் திரும்பலாம் என்பதுதான் குந்தா தனித் தாலுகாவாக இருப்பதன் பெரும் நன்மை.

நிலமும் வரியும்

ஆட்சி மாற்றம் உழவர் வாழ்வைத் தொட்டது நில வரியின் வழியாகவே. பழைய வழக்கப்படி, மலை உழவர் ஒரு நிலத்தைச் சில ஆண்டுகள் உழுது, பின் அதைத் தரிசாக விட்டு வேறு நிலத்திற்குச் செல்வர். பட்டாவில் உள்ள பரப்புக்கு வரி கட்டி, அதைவிட அதிகமான நிலத்தை மாற்றி மாற்றிப் பயிரிடும் உரிமையை அக்காலத்து அதிகாரிகள் புர்த்தி முறை என்று குறித்தனர். மண்ணுக்கு ஓய்வு தந்த முறை அது. 1860களில் அது ஒழிக்கப்பட்டது. பின்னர் வந்த அளவையும் செட்டில்மெண்டும் ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் எண்ணும் எல்லையும் வரியும் வைத்தன. தரிசாகக் கிடந்தவற்றிற் பெரும்பகுதி காப்புக்காடாகவோ தோட்டக் கம்பெனிகளின் நிலமாகவோ ஆயிற்று. இன்று நம் கையிலுள்ள சர்வே எண் அந்த மாற்றத்தின் சந்ததியே.

அதன்பின் வந்தது உருளைக்கிழங்கு, அதையடுத்துத் தேயிலை. சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் முட்டைக்கோசும் கேரட்டும் பூண்டும் ஏறின. மஞ்சூர், மேல்குந்தா பக்கங்களில் சிறு விவசாயிகள் தேயிலைக்கு மாறினர். இவர்களின் பசுந்தேயிலையை வாங்கித் தூளாக்கக் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. 1965இல் ஏற்பட்ட இண்ட்கோசர்வ் கூட்டுறவு இணையம் இத்தகைய தொழிற்சாலைகளை ஒன்று சேர்க்கிறது.

மின்சாரம் கொண்டுவந்த எல்லைகள்

1956இல் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம் இப்பகுதியின் பூகோளத்தையே திருத்தி எழுதிவிட்டது எனலாம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு இதற்குப் பொருளும் இயந்திரமும் நிபுணரும் தந்து உதவியது. அப்பர்பவானி அணையில் தேங்கும் நீர், தன் இயல்பான போக்கில் தெற்கே அட்டப்பாடி நோக்கி இறங்காமல், மலையைக் குடைந்த சுரங்க வழிகளால் கிழக்கே அவலாஞ்சிப் பக்கம் திருப்பப்படுகிறது. ஒன்றோடொன்று இணைந்த அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களிலிருந்து குந்தா பாலத்து முதல் மின் நிலையம், அங்கிருந்து கெத்தை, பின்னர் பரளி, இறுதியில் பில்லூர். ஒரே நீர் படிப்படியாகச் சுழலிகளை ஓட்டிக்கொண்டு ஐந்தாயிரம் அடிக்கு மேல் இறங்கிச் செல்கிறது. ஆறு நிலையங்களும் சேர்ந்த திறன் 585 மெகாவாட். பில்லூரில் தேங்கும் நீர் கோயம்புத்தூர் நகரத்தாரின் தாகத்தையும் தீர்க்கிறது. போர்த்திமந்தையும் அவலாஞ்சி, எமரால்டு தேக்கங்களையும் பயன்படுத்தி, நீரை மேலேற்றி மீண்டும் இறக்கும் 500 மெகாவாட் திட்டமும் இப்போது மேற்கொள்ளப்பட்டுள்ளது.

திட்டம் கொணர்ந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை குந்தாவைச் சமவெளியோடு நேராக இணைக்கிறது. ஆனால் இத்திட்டத்தோடு புதிய எல்லை ஒன்றும் வந்தது. அதைத் தாலுகா வரைபடத்தில் காண இயலாது. அது நீர்ப்பிடிப்பு எல்லை. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து உருளைக்கிழங்கு நடுபவரின் மேல்மண், அடுத்த மழையில் ஓடைக்கு வருகிறது. ஓடையிலிருந்து குந்தா பாலத்து அணைக்கு வருகிறது. அணையில் மண் மேடிட்டால் நீர் தங்கும் இடம் குறைகிறது. குந்தாவின் நீர்த்தேக்கங்களில் இவ்வண்டல் நெடுநாளாக இருந்துவரும் தொல்லை.

1954இல் உதகையில் அமைக்கப்பட்ட மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்குக் கூறிவரும் பரிகாரம் எளியது: சரிவைப் படிக்கட்டுகளாக வெட்டவேண்டும், படியின் தளம் மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும், வரிசைகள் சரிவின் குறுக்கே செல்லவேண்டும், மிகுந்த நீர் வடியக் கல் பரப்பிய வடிகால் வேண்டும், படியின் விளிம்பில் புல் வளர்க்கவேண்டும். செலவாகும் வேலைதான். வெட்டிய ஆண்டில் அடிமண் மேலே வந்து விளைச்சல் குறையவும் கூடும். இதனை மறைத்துப் பேசும் உபதேசிகளை நம் விவசாயிகள் நம்பாததில் வியப்பில்லை. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, படி வெட்டி முடிந்தபின் மீண்டும் பரப்பினால் அக்குறை பெரிதும் நீங்கும்.

2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓடைகளை மூடிக் கட்டுவதும், செங்குத்தாக மண்ணை வெட்டி வீடு எழுப்புவதும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை மலைமக்கள் அன்று கண்ணாரக் கண்டனர். 1990இல் ஏற்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி விதிகள் தொல்லையாகத் தோன்றும்போதெல்லாம் அந்நாட்களை நினைவுகூர்வது நன்று.

தாலுகா ஒன்று, யூனியன் வேறு

இப்போது தொடக்கத்தில் கூறிய நான்கு கதவுகளுக்கு வருவோம். நீலகிரியில் தாலுகாக்கள் ஆறு: உதகமண்டலம், குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர். பஞ்சாயத்து யூனியன்களோ நான்கே: உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர். குந்தாவின் பெயரால் யூனியன் இல்லை. பாலகொலா, முள்ளிகூர், மேல்குந்தா ஆகிய கிராமப் பஞ்சாயத்துகள் உதகமண்டலம் யூனியனைச் சேர்ந்தவை. எனவே வருவாய்க் காரியங்களில் தனித்து நிற்கும் குந்தா, அபிவிருத்திக் காரியங்களில் உதகையின் ஒரு பகுதி. நிலச்சரிவு நிவாரணத்திற்கு மஞ்சூரில் தாசில்தாரும், அறுந்த கிராமப் பாதைக்கு உதகையில் யூனியன் கமிஷனரும் பொறுப்பாவது இதனாலேயே.

இதற்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சூரைத் தன்னுள் கொண்ட கீழ்குந்தாவும், பிக்கட்டியும் பேரூராட்சிகள். இவை எந்த யூனியனுக்கும் உட்பட்டவையல்ல. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மக்கள் நிறைந்த இவ்வூர்கள் பார்வைக்குக் கிராமங்களே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் இவை நகர்ப்புறம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த நூறு நாள் வேலை பக்கத்துக் கிராமப் பஞ்சாயத்தில் கிடைத்தது, பேரூராட்சிக்குள் கிடைக்கவில்லை. இரண்டு அட்டிகளுக்கிடையே ஓர் ஓடை. ஓடைக்கு இப்பால் வேலை உண்டு, அப்பால் இல்லை. பேரூராட்சி என்ற தகுதியால் தெருவிளக்கும் குடிநீரும் சற்று எளிதில் கிடைக்கலாம். ஆனால் ஏழைத் தொழிலாளியின் கணக்கில் எது பெரிது என்பதை அவரிடமே கேட்டிருக்கவேண்டும்.

குந்தாவிற்குத் தனி யூனியன் வேண்டுமா என்பதில் நாம் முடிவு கூற முற்படவில்லை. கிராமப் பஞ்சாயத்துகளின் எண்ணிக்கை குறைவு. சிறு யூனியனின் வருமானம் சிப்பந்திகளின் சம்பளத்திற்கே போய்விடலாம். ஆனால் நீர்ப்பிடிப்பு, மண் பாதுகாப்பு ஆகிய இரண்டு காரியங்களிலேனும், ஓடையின் இரு கரையிலுமுள்ள கிராமப் பஞ்சாயத்தும் பேரூராட்சியும் ஒன்றுகூடிப் பேசத் தடை எதுவும் இல்லை.

இதற்கு முதல் வேலை வரைபடம். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடத்திலும் அ-பதிவேட்டிலும் ஓடைப் புறம்போக்குகள் சர்வே எண்ணுடன் குறிக்கப்பட்டிருக்கும். பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் அந்த எண்களை எழுதிக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவருடன் ஓடையின் தலையிலிருந்து அணை வரை நடந்து பார்க்கட்டும். எங்கே கரை இடிந்தது, எங்கே ஓடை குறுகியது, எங்கே குப்பையும் கட்டடக் கழிவும் கொட்டப்பட்டுள்ளன, எது காட்டிலாகா நிலம், எது மின்வாரிய நிலம் என்பவற்றை அவ்வரைபடத்திலேயே குறிக்கட்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. மார்ச்சு 22ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுவது அவற்றுள் ஒன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்க அப்போது ஏறக்குறைய பத்து வாரங்கள் இருக்கும். சர்வே எண்ணோடு கூடிய தீர்மானத்தை அன்று நிறைவேற்றி, அந்தந்தப் பகுதிக்குரிய அலுவலகத்திற்குத் தனித்தனிப் பிரதியாக அனுப்பி, ஒவ்வொன்றிற்கும் ஒப்புகை பெற்றுப் பஞ்சாயத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளவேண்டும்.